தட்டும் கை, இழுக்கும் கை

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு முன்னால் நிற்பவர்கள் யானைகளைப் பார்ப்பார்கள், தவம் செய்யும் பூனையைப் பார்த்துச் சிரிப்பார்கள். கின்னரர்கள் பக்கம் கண் போவது அரிது. மேல் பாதி மனிதரும் கீழ்ப் பாதி பறவையுமாக இணை இணையாக வரும் அவர்களில் ஆண் கையில் வீணை, பெண் கையில் தாளம். பஞ்சரதங்களுக்குப் போனால் தர்மராஜ ரதத்தின் மேல்தளத்தில் சிவன் வீணாதரராக நிற்கிறார். இந்த வீணைகள் இன்று நாம் மடியில் வைத்து வாசிக்கும் வீணை அல்ல. ஒரு கோல், அதன் ஒரு முனையில் மார்போடு அணைக்க ஒரு குடுக்கை, அவ்வளவுதான். கடற்காற்று அரித்த கல்லில் தந்தி எத்தனை என்று எண்ண முடியாது. கைகள் மட்டும் தெரிகின்றன. ஒன்று கோலின் மேல்பகுதியில், மற்றொன்று கீழே.

பல்லவர்கள் இதில் அக்கறை இல்லாதவர்களும் அல்லர். காஞ்சி கைலாசநாதர் கோயிலில் ராஜசிம்மனின் விருதுப் பெயர்களில் வீணா நாரதன் என்று ஒன்று, ஆதோத்ய தும்புரு என்று ஒன்று. மாமல்லபுரத்திலிருந்து சற்று வடக்கே சாளுவன்குப்பத்தில் அதிரணசண்டக் குகைக் கல்வெட்டோ, இந்த அரசனின் இசையைப் புரிந்துகொள்ள பிரம்மனும் பரதனும் நாரதனும் கந்தனும்தான் வரவேண்டும் என்கிற தோரணையில் பேசுகிறது. அரசவைப் புலவரின் மிகை என்று தள்ளினாலும், தந்திக்கருவி வாசிப்பது அரசனுக்குப் பெருமை சேர்க்கும் திறமையாக இந்தக் கரையில் கருதப்பட்டது என்பது மிஞ்சும்.

அந்தக் கின்னரனின் இரண்டு கைகளிடம் கேட்கவேண்டிய கேள்வியைத்தான் இன்றைய மின்தந்திக் கருவிகளிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. எந்தக் கை எங்கே? எந்தத் தந்தி எதற்கு அடுத்து? கடந்த எழுபது ஆண்டுகளில் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த ஒரு கருவிக் குடும்பம் இந்தக் கேள்வியை அடியோடு புரட்டிப் போட்டிருக்கிறது. மீட்டாமல், வில் போடாமல், இரண்டு கை விரல்களாலும் தந்தியை மெட்டின் மேல் தட்டியே ஒலி எழுப்பும் கருவிகள் அவை. சாப்மன் ஸ்டிக், வார் கிட்டார், மெகாடார், ஹார்பெஜ்ஜி என்று பெயர்கள் பல. இவற்றின் தந்தி வரிசைகளையும் கைவைப்பையும் நம் யாழ், வீணை, வயலின் மரபோடு சேர்த்துப் பார்ப்பது இந்தக் கட்டுரையின் வேலை. நம் இசைக்கு அந்த வரிசைகள் அப்படியே பொருந்துமா என்பதில் எனக்கு ஒரு தீர்மானமான கருத்து உண்டு. அது போகப் போக வரும்.

முதலில் கருவிக்குள் நடப்பதைப் பார்ப்போம். தந்திக்கருவி வாசிப்பவருக்கு மூன்று வேலைகள். ஸ்வரத்தைத் தேர்வது, தந்தியை ஒலிக்க வைப்பது, ஒலித்த ஸ்வரத்தை அசைத்து உருவாக்குவது. வீணையில் இடக்கை முதலாவதையும் மூன்றாவதையும் பார்த்துக்கொள்ளும், வலக்கை இரண்டாவதை. தட்டும் முறையில் ஒரே விரல் தேர்வையும் ஒலிப்பையும் ஒரு வீச்சில் முடித்துவிடுகிறது. விரல் தந்தியை மெட்டின் மேல் அடிக்கும் அந்த அடியே ஒலி. ஆகவே மற்ற கைக்கு வேலை இல்லாமல் போகிறது, அதுவும் தனியாக வாசிக்கலாம். ஒருவரே இருவராகிவிடுகிறார்.

இதற்கு விலை உண்டு. தட்டி எழுப்பும் ஒலி மெல்லியது. மின்சாரப் பிக்கப் இல்லாமல் அரங்கில் எட்டாது. தட்டும்போது விரலுக்கு இருபுறமும் உள்ள தந்தி அதிரும். குதிரைப் பக்கம் அதிர்வது நமக்கு வேண்டியது, பிருடைப் பக்கம் அதிர்வது வேண்டாதது. அதை அடக்க மேல்முனையில் துணியோ பஞ்சோ வைத்துத் தந்தியை மூச்சடைக்க வேண்டும். தந்திகள் மெட்டுக்கு மிக நெருக்கமாக ஓட வேண்டும், இல்லாவிட்டால் தட்டுக்குப் பலம் போதாது. அதிகமாக நெருங்கினால் பக்கத்து மெட்டில் பட்டுக் கரகரக்கும்.

இந்தக் குறைகளுக்கு நம்மிடம் பழைய பெயர்களே இருக்கின்றன. சிலப்பதிகாரத்து வேனிற்காதையில் மாதவி யாழ் எடுக்கும் இடம் கைவைப்புக்கான பாடமாகவே இருக்கிறது. பதுமாசனத்தில் அமர்கிறாள். வலக்கையைப் பதாகையாக்கிக் கோட்டோடு சேர்க்கிறாள், இடக்கை நான்கு விரல்களும் நரம்பை முறுக்கும் மாடகத்தைத் தழுவுகின்றன. செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு என்ற நான்கு குற்றங்களையும் நீக்கிப் பதினான்கு நரம்பைப் பண்ணுறுத்துகிறாள். கூடம் என்பது ஒலி மழுங்கிப் போவது, அதிர்வு என்பது சிதறிப் போவது. தட்டும் கருவியில் தந்தி உயரமாக ஓடினால் வருவது கூடம், தாழ்ந்து ஓடினால் வருவது அதிர்வு. ஸ்டிக் வாங்கியவர் முதல் வாரம் முழுக்கத் திருகாணியோடு போராடுவது இந்த இரண்டுக்கும் நடுவேதான்.

யாழ் இந்தக் கதையில் வேறு ஒரு வகையிலும் முக்கியம். யாழில் விரற்பலகை இல்லை. ஒவ்வொரு நரம்பும் ஒரு ஸ்வரம். பேரியாழுக்கு 21, மகரயாழுக்கு 19, சகோட யாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்று நரம்புக் கணக்கு உரைகளில் வருகிறது. நரம்பு திறந்து கிடப்பதால் இரண்டு கையும் ஒலி எழுப்பலாம். வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல், உருட்டல், தெருட்டல், அள்ளல், பட்டடை என்று எட்டு இசைக் கரணங்களைச் சிலம்பு அடுக்குவதைப் பார்த்தால், விரல்களுக்கு அன்று எவ்வளவு நுணுக்கமான வேலைப் பிரிவினை இருந்தது என்று தெரியும். விபுலானந்த அடிகள் 1947இல் வெளிவந்த ‘யாழ் நூ’லில் இந்தக் கருவிகளைக் கணக்கோடு மீட்டெடுக்க முயன்றார். யாழ் வழக்கொழிந்து, மெட்டு வைத்த வீணை மேலோங்கியபோது ஒரு கை ஒலிப்பிலிருந்து விலகி ஸ்வரத்தை உருவாக்கும் வேலைக்குப் போனது. நம் தந்தி இசையின் வரலாற்றில் இது பெரிய மாற்றம் என்பது என் கணிப்பு. நீண்ட நாள் கழித்து வந்த தட்டும் கருவி, விலகிய கையை மறுபடி ஒலிப்புக்கே கூப்பிடுகிறது.

தந்தியைத் தட்டுவது என்று மட்டும் பார்த்தால் நமக்கு வேறு உறவுகளும் உண்டு. தென்மாவட்டத்து வில்லுப்பாட்டில் வில்லின் நாணை வீசுகோலால் அடிக்கிறார்கள். ஆவுடையார்கோயில் பக்கம் வழங்கிய கெத்து வாத்தியத்தில் தம்பூராவைப் போன்ற ஒன்றைக் கிடத்தித் தந்திகளைக் குச்சியால் தட்டுவார்கள். இரண்டும் தாளத்துக்கானவை. ஸ்வர வரிசை என்ற சிக்கல் அவற்றில் எழவே இல்லை.

அமெரிக்கக் கதைக்கு வருவோம். ஜிம்மி வெப்ஸ்டர் கிரெட்ச் கிட்டார் நிறுவனத்துக்காக ஊர் ஊராக வாசித்துக் காட்டியவர். 1952இல் தட்டும் முறைக்கென்று ஒரு பயிற்சிப் புத்தகம் போட்டார். டேவ் பங்கர் 1950களின் பிற்பகுதியில் இதற்காகவே இரண்டு கழுத்துள்ள கிட்டார் கட்டினார். ஒரு கழுத்து ஒரு கைக்கு, மற்றது மற்றதற்கு. சண்டைக்கே இடமில்லாத ஏற்பாடு, ஆனால் பாரம்! 1978இல் எடி வான் ஹேலன் ‘எரப்ஷன்’ வாசித்தபின் உலகெங்கும் கிட்டார் பழகும் பையன்கள் வலக்கை விரலால் தட்டத் தொடங்கினார்கள். அங்கே வலக்கை கிட்டார் மீட்டும் சாய்விலேயே இருக்கும், ஒன்றிரண்டு விரல்தான் மெட்டுக்கு வரும். அலங்காரத்துக்குப் போதும், முழுக் கச்சேரிக்குப் போதாது.

கையின் சாய்வையே மாற்றியவர் எம்மெட் சாப்மன். 1969 ஆகஸ்டில், லாஸ் ஏஞ்சலிஸில், தன் நீண்ட கழுத்துக் கிட்டாரை ஏறக்குறைய செங்குத்தாக நிமிர்த்தி, வலக்கையை மேல் விளிம்பு வழியாகக் கொண்டுவந்தார். இப்போது இரண்டு கைகளும் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து தந்திகளுக்குக் குறுக்காக நுழைகின்றன, விரல்கள் மெட்டுகளுக்கு இணையாகக் கிடக்கின்றன. இடக்கை விரல் நான்கும் நான்கு மெட்டில் நிற்கும், வலக்கை நான்கும் அப்படியே. இந்த ஒரு கோணத் திருப்பம்தான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். 1974இல் அவர் விற்பனைக்கு அனுப்பிய ஸ்டிக் என்ற பத்துத் தந்திக் கருவி இந்தக் கைவைப்புக்காகவே செதுக்கப்பட்ட ஒரு பலகை. குடம் கிடையாது, ஒலிப்பெட்டி கிடையாது. தோளில் ஒரு வார், இடுப்பில் ஒரு கொக்கி.

அந்தப் பத்துத் தந்தியை அவர் அடுக்கிய விதம் விசித்திரமானது. ஐந்து மெல்லிசைக்கு, ஐந்து மந்தரத்துக்கு. மெல்லிசைத் தந்திகள் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி டி, ஏ, ஈ, பி, எஃப் ஷார்ப் என்று இறங்கும், அடுத்தடுத்த தந்திக்கு நடுவே சுத்த மத்திம தூரம். நடுவைத் தாண்டியதும் சட்டென்று கருவியின் மிகக் கனமான சி தந்தி. அங்கிருந்து மறு விளிம்பு வரை ஜி, டி, ஏ, ஈ என்று பஞ்சம தூரத்தில் ஏறும். அதாவது பலகையின் நடுவில் கனம், இரண்டு விளிம்பிலும் மென்மை. மந்தரத்தில் பஞ்சம தூரம் வைத்ததால் நான்கு விரல் எட்டும் இடத்துக்குள்ளேயே பரந்த கார்டுகள் அகப்படும். மெல்லிசையில் மத்திம தூரம் வைத்ததால் ஸ்வரங்கள் கைக்கு நெருக்கமாகக் கிடக்கும்.

இதில்தான் கைகள் குறுக்கிடும் பிரச்சினை வருகிறது. இடக்கை மெல்லிசைத் தந்திகளின் விளிம்பு வழியாகப் பலகையில் ஏறுகிறது. ஆனால் அது வாசிக்க வேண்டியது எதிர்ப்பாதியில் உள்ள மந்தரத்தை. வலக்கை மந்தர விளிம்பு வழியாக வந்து மெல்லிசையைத் தேடிப் போகிறது. ஒவ்வொரு கையும் மற்றதன் தந்திகளைத் தாண்டித்தான் தன் வேலைக்குப் போக வேண்டும். இரண்டும் வெவ்வேறு மெட்டுப் பகுதியில் இருக்கும்வரை தொல்லையில்லை. இடக்கை மேலேறி வலக்கை இருக்கும் மெட்டுகளுக்கே வந்துவிட்டால் விரல்கள் சீப்புப் பற்களைப் போலக் கோத்துக்கொள்ள வேண்டும். இதைத் தவிர்க்கத் தந்திகளைப் பக்கம் மாற்றிப் போட்டு, அந்தந்தக் கை தன் விளிம்புக்கு அருகிலுள்ள தந்திகளையே வாசிக்கும்படி அமைப்பவர்களும் உண்டு. குறுக்கும் அடுக்கு, குறுக்காத அடுக்கு என்று இரண்டு கட்சி. கேட்டவுடன் குறுக்காததே சுலபம் என்று தோன்றும். பலகையில் கைவைத்துப் பார்த்தால் கதை வேறு. தொலைவில் உள்ள தந்தியை விரல் நீட்டி அடிக்கலாம், வீச்சு கிடைக்கும். தன் உள்ளங்கைக்கு அருகிலேயே கிடக்கும் தந்தியை அடிக்க விரலை மடக்க வேண்டும், மடங்கிய விரலுக்கு வீச்சு குறைவு, மணிக்கட்டுக்கு வலி அதிகம். சாப்மன் தெரியாமல் குறுக்கிடவில்லை. மேலைநாட்டு கார்டு இசைக்கு அவர் செய்தது சரியான முடிவு. கிங் கிரிம்சன் குழுவின் 1981ஆம் ஆண்டு ‘டிசிப்ளின்’ இசைத்தட்டில் டோனி லெவின் ஸ்டிக் வாசிப்பதைக் கேட்டவர்கள் அந்த முடிவின் பயனைக் கேட்டிருக்கிறார்கள்.

ஹார்பெஜ்ஜி இன்னொரு வழி. மேரிலாந்தைச் சேர்ந்த டிம் மீக்ஸ் 2007இல் கொண்டுவந்த இந்தக் கருவியைப் பியானோபோல முன்னால் கிடத்தி வாசிக்க வேண்டும். தமிழ் வாசகர்களில் பலர் இதை முதலில் பார்த்தது ஏ.ஆர். ரஹ்மான் கையில்தான் இருக்கும். இதில் மந்தரம், மெல்லிசை என்ற பிரிவே இல்லை. தந்திகள் இடமிருந்து வலமாக ஒரே சீராக ஏறுகின்றன, ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு முழு ஸ்வரம் மேல். மெட்டுகள் வாசிப்பவரை விட்டு விலகிப் போகப் போக அரை ஸ்வரம் ஏறும். தட்டாத தந்தி மின்னிணைப்பிலேயே வாயடைக்கப்பட்டிருப்பதால் பஞ்சு வேண்டாம். கைகள் இரண்டும் ஒரே பக்கத்திலிருந்து வருகின்றன, குறுக்கிடும் பேச்சே இல்லை.

நம் ஸ்வரக் கணக்கு இந்த வரிசையில் அழகாக உட்காருவதை ஒரு ராகத்தை வைத்துப் பார்க்கலாம். மாயாமாளவகௌளை. ஒரு தந்தியில் ஒரு மெட்டை ஸட்ஜமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுத்த ரிஷபம் அதே தந்தியில் அடுத்த மெட்டு. அந்தர காந்தாரம் இரண்டு தந்தி தள்ளி, ஸட்ஜமத்தின் மெட்டிலேயே. சுத்த மத்திமம் அதே தந்தியில் அடுத்த மெட்டு. நான்கு ஸ்வரமும் ஒரு சிறு நீள்சதுரத்தின் நான்கு மூலைகள். பஞ்சமம், ஸட்ஜமத்திலிருந்து மூன்று தந்தி வலப்புறம், ஒரு மெட்டு மேலே. அங்கிருந்து சுத்த தைவதம், காகலி நிஷாதம், மேல் ஸட்ஜமம் மூன்றும் முன்பு போட்ட அதே நீள்சதுரத்தைப் போடும். இடக்கைக்குப் பூர்வாங்கம், வலக்கைக்கு உத்தராங்கம், இரண்டு கைக்கும் ஒரே விரல் அமைப்பு. சரளி வரிசை படிக்கும் குழந்தைக்கு இதைக் காட்டினால் மேளகர்த்தா அட்டவணையின் பாதி இரகசியம் கைக்கு வந்துவிடும். ஸ்ருதி மாற்றினாலும் அமைப்பு மாறாது. ஒரு கட்டையில் பாடுகிறவருக்கும் ஐந்து கட்டையில் பாடுகிறவருக்கும் அதே விரல்தான். ஹார்மோனியத்தில் இந்தச் சலுகை கிடையாது என்பது பக்கவாத்தியம் வாசித்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் அந்த நான்கு மூலையில் தட்டினால் வருவது மாயாமாளவகௌளையின் ஸ்வரங்கள். மாயாமாளவகௌளை வராது. ரிஷபம் ஆட வேண்டும், தைவதம் ஆட வேண்டும். நம் இசையில் ஸ்வரம் ஒரு புள்ளியில் நிற்பதைவிட இரண்டு புள்ளிக்கு நடுவே போய்வரும் நேரம் அதிகம். தட்டும் கருவிகளின் தந்தி வரிசை விவாதம் முழுவதும், எந்தக் கை மந்தரம், எந்தக் கை மெல்லிசை, கார்டு எப்படி அகப்படும் என்பதைச் சுற்றியே நடந்திருக்கிறது. நமக்கு முதல் கேள்வி வேறு. தட்டிய பிறகு அந்த விரலுக்குத் தந்தியை இழுக்க இடம் இருக்கிறதா?

வீணைக்காரரின் இடக்கையை அருகில் இருந்து பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும்தான் வேலை செய்கின்றன. நுனியில் தந்தி பதிந்து பதிந்து கோடு விழுந்திருக்கும். பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் எண்ணெய், அவ்வப்போது விரலைத் தொட்டுக்கொள்வார்கள், தந்தி வழுக்கிக்கொண்டு போவதற்கு. மெட்டுகள் மெழுகின் மேல் உயர்ந்து நிற்பதால் விரல் மரத்தைத் தொடுவதில்லை. தந்தியை மெட்டோடு சேர்த்துப் பக்கவாட்டில் இழுத்தால் இழுவிசை கூடி ஸ்வரம் ஏறும். எஸ். பாலசந்தர் ஒரே மெட்டில் வரிசையாகப் பல ஸ்வரங்களை இழுத்து வாங்குவதைப் பதிவுகளில் இன்றும் கேட்கலாம். ‘அந்த நாள்’ படத்தைப் பாட்டே இல்லாமல் எடுத்த அதே பாலசந்தர்தான், வீணையில் குரலின் பாட்டை விடாமல் துரத்தினார்.

இழுப்பதற்கு மூன்று வேண்டும். தந்திகளுக்கிடையே அகலம், மெட்டுக்கு உயரம், இழுத்து முடியும்வரை சாகாத ஒலி. ஸ்டிக்கில் பத்துத் தந்தி ஒரு குறுகிய பலகையில் நெருங்கி ஓடுகிறது. தட்டுக்காக எல்லாம் தாழ்வாகக் கட்டப்பட்டிருக்கின்றன. விளிம்பில் ஓடும் உச்சத் தந்தியை வெளிப்பக்கம் இழுத்தால் பலகையை விட்டே நழுவும், உள்பக்கம் தள்ளினால் அடுத்த தந்தியில் மோதும். தட்டி எழுப்பிய ஒலி மீட்டியதைவிடச் சிறியது என்பதால் வழுக்கிப் போகும் நீளமான ஜாருவின் கடைசிப் பகுதி காற்றோடு போகும். ஹார்பெஜ்ஜியிலும் ஓரளவு இழுக்கலாம், அசைக்கலாம். வீணையின் வீச்சு வராது. ரஹ்மான் ‘டெல்லி-6’ படத்தின் ‘ரெஹ்னா து’ பாட்டில் நெளிவுகளுக்குத் தந்தியே இல்லாத கன்டினியம் என்ற வழுக்குப் பரப்பை எடுத்ததில் ஆச்சரியமில்லை. கமகம் கேட்கிற இடத்தில் மெட்டு ஒரு தடை என்று அவருக்குத் தெரியும். அதே காரணத்துக்காகத்தான் திருவிடைமருதூர் சகாராம ராவ் வழியில் கோட்டுவாத்தியம் மெட்டையே விட்டுவிட்டு உருளையைப் பிடித்தது. கலாக்ஷேத்ராவில் கற்பித்த பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் அந்த வழியில் பெரிய பெயர்.

தட்டும் கருவி வாக்களிக்கும் விடுதலையிலும் கொஞ்சம் மிகை இருக்கிறது. ஒரு கையே ஸ்வரத்தைப் பார்த்துக்கொள்ளும், மற்ற கை விடுதலை என்கிறார்கள். சரி, விடுபட்ட கை என்ன செய்யும்? கார்டு இசையில் நிறையச் செய்யும். நம் கச்சேரியில் அடிப்படையாக வேண்டியது ஸ்ருதியும் தாளமும். வீணையில் நான்கு வாசிப்புத் தந்திகளோடு பக்கவாட்டில் மூன்று தாளத் தந்திகள் ஓடுகின்றன. வலக்கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மீட்டிக்கொண்டிருக்கும்போதே சுண்டுவிரல் அவற்றைத் தட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு முழுக் கையை விடுவித்துச் செய்ய வேண்டியதை நம் ஆட்கள் ஒரு சுண்டுவிரலுக்குக் கொடுத்து முடித்துவிட்டார்கள்.

தட்டுவதும் வீணைக்குப் புதிதல்ல. ஸ்புரிதத்தில் ஆள்காட்டி விரலைக் கீழ் மெட்டில் வைத்துக்கொண்டு நடுவிரலால் மேல் மெட்டைத் தட்டுகிறோம். ஜண்டை வரிசையின் இரண்டாவது ஸ்வரத்துக்கு அழுத்தம் தருவது அந்தத் தட்டுதான். வலக்கை மீட்டாமலே இடக்கை எழுப்பும் ஒலி அது. ஆக விதை இருக்கிறது. வளர வேண்டிய திசைதான் கேள்வி.

இந்த இடத்தில் பழைய ஒரு முன்னுதாரணம் உதவும். வயலின் இங்கே வந்தபோது அது மேலைநாட்டு இசைக்கான கைவைப்போடும் தந்தி வரிசையோடும்தான் வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், மணலி முதலியார்களின் ஆதரவில் குடும்பம் சென்னையை ஒட்டி இருந்த காலத்தில், ஐரோப்பியரிடம் அதைக் கற்றார். கற்றதை அப்படியே வைத்துக்கொள்ளவில்லை நம் ஆட்கள். தஞ்சை நால்வரில் வடிவேலுவும் பின்வந்தவர்களும் கைக்கொண்ட அந்தக் கருவி தரையில் உட்கார்ந்தது. தலைப்பகுதி பாதத்தில் ஊன்றியது. மோவாயும் தோளும் பிடித்துக்கொண்டிருந்த வேலையைப் பாதமும் மார்பும் வாங்கிக்கொண்டதால் இடக்கைக்குச் சுமை இல்லாமல் போயிற்று. கை மேலும் கீழும் தடையில்லாமல் வழுக்கியது. ஜி, டி, ஏ, ஈ என்று பஞ்சம தூரத்தில் ஏறிய நான்கு தந்தியும் ஸ-ப-ஸ-ப ஆயின. பஞ்சம தூரமும் மத்திம தூரமும் மாறி மாறி வரும் வீணையின் அதே முறை. கருவியின் மரத்தில் ஒரு இழைகூட மாறவில்லை. மாறியது கைவைப்பும் தந்தி வரிசையும் மட்டுமே. இன்று கர்நாடக இசைக்கு அது அன்னியம் என்று யாரும் சொல்வதில்லை.

மாண்டலின் உ. ஸ்ரீநிவாஸ் செய்ததும் இதே வகை. இரட்டைத் தந்தி ஜோடிகளாக வந்த மாண்டலினில் இழுக்க முடியாது, ஒன்றை இழுத்தால் மற்றது முறைக்கும். அவர் ஒற்றைத் தந்திகளாக்கி, ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்து, மின்கருவியாக்கினார். ஸ்ருதி கூட்டியதும் ஸ-ப வழியில்தான். மேலைநாட்டுக் கருவி ஒன்று இங்கே நிலைக்க வேண்டுமானால் தந்தி வரிசை முதலில் இழுப்புக்கு வழிவிட வேண்டும் என்பதை இந்த இரண்டும் காட்டுகின்றன.

அப்படியானால் நம் இசைக்கான தட்டும் கருவி எப்படி இருக்க வேண்டும்? யாரும் கட்டி முடிக்காத ஒன்றைப் பற்றிப் பேசுகிறேன் என்பதால் உறுதியானதை மட்டும் சொல்கிறேன். குறுக்கும் அடுக்கு நமக்குத் தேவையில்லை. மந்தரமும் மெல்லிசையும் சமபாதியாகப் பலகையைப் பங்கிட வேண்டிய அவசியமும் இல்லை. இரண்டு கைக்கும் வேலை வெவ்வேறு என்று ஒப்புக்கொண்டால் தந்திகளும் வெவ்வேறாக இருக்கலாம். இடக்கைக்கு நான்கே தந்தி, ஸ-ப-ஸ-ப, வீணை அளவுக்கு அகல இடைவெளி, உயர்ந்த மெட்டு, இழுப்பதற்கு விளிம்பில் தாராளமான இடம். வலக்கைக்கு மத்திம தூரத்தில் நெருக்கமாக ஓடும் தந்திகள், தாழ்ந்த மெட்டு. கல்பனாஸ்வரத்தில் மேல்காலத்துக்கு வரும்போது வலக்கை இறங்கட்டும். அந்த வேகத்தில் கமகம் தானாகவே சுருங்கிவிடுவதால் தட்டு போதும். தானம் வாசிப்பில் இரண்டு கையும் மாற்றி மாற்றித் தட்டினால், வீணையில் மீட்டு விரல்கள் தரும் அந்த அலை அலையான லயத்துக்கு ஒரு புது முகம் கிடைக்கும். இது எனக்கு உண்மையிலேயே ஆசையான இடம். ராக ஆலாபனையைத் தட்டும் கருவியில் நீட்டி வாசிக்கும் முயற்சிகளில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

ஒரே பலகையில் இரண்டு மெட்டு உயரம் என்பது தச்சு வேலையில் தலைவலி. வீணைக்கு மெழுகில் மேளம் கட்டுகிறவர்கள் ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டுக் கேட்டு உட்கார வைக்கிறார்கள். செங்கல்பட்டு மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் வீணையை விட்டால் மெழுகு இளகி மெட்டுகள் நகர்ந்து கிடக்கும். மெழுகுக்குப் பதில் நிலையான மெட்டு வைத்த வீணைகள் சந்தைக்கு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். கடற்கரை ஓரத்தில் உப்புக்காற்று எஃகுத் தந்தியில் துருவை ஏற்றும், ஈரப்பதம் கழுத்து மரத்தை வளைக்கும். வீணையில் அரை மில்லிமீட்டர் வளைவு பெரிதாகத் தெரியாது. தட்டும் கருவியில் அதே அரை மில்லிமீட்டர்தான் கூடத்துக்கும் அதிர்வுக்கும் நடுவே உள்ள முழு இடமும். இங்கே இந்தக் கருவியைக் கட்ட நினைப்பவர் துருப்பிடிக்காத எஃகு மெட்டும், கழுத்துக்குள் திருகாணியிட்ட இரும்புக் கம்பியும் இல்லாமல் தொடங்கக்கூடாது.

விரல் பயிற்சியும் ஒரு கணக்குக்கு வர வேண்டும். வீணை கற்றவருக்கு இடக்கையில் இரண்டு விரல்தான் பழகியிருக்கும், மோதிர விரலும் சுண்டுவிரலும் சும்மா துணைக்கு வருபவை. வலக்கை விரல்களுக்கு மெட்டே தெரியாது. கிட்டார் கற்றவருக்கு இடக்கை நான்கு விரலும் பழக்கம், கமகம் பழக்கமில்லை. கீபோர்டு கற்றவருக்குப் பத்து விரலும் தயார், தந்தியின் எதிர்ப்பு என்றால் என்னவென்று தெரியாது. இந்த மூவரில் யாருக்குத் தட்டும் கருவி முதலில் வசப்படும் என்று கேட்டால் கீபோர்டுக்காரருக்கு என்றுதான் சொல்வேன். மாமல்லபுரம் நாட்டிய விழா மேடையில் பரதத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வாத்தியக் குழுவில், காற்றோடு போராடி மைக்கில் மெலிந்து கேட்கும் வீணைக்குப் பதில் இப்படி ஒரு கருவி வந்தால் அதை வாசிக்கப் போகிறவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார். அவருக்கு முதல் பாடமாக ஸ்வர வரிசை வேண்டாம். இடக்கையின் நான்கு அகலத் தந்திகளில் ஒன்றைத் தட்டிவிட்டு, விரலை எடுக்காமல், தோடியின் காந்தாரத்தை இழுத்து நிறுத்தச் சொல்ல வேண்டும்.